சிப்பாய், கைதி, முப்பாட்டன்

பழைய மாணவர்கள் கூடுகிற இடத்தில் முதலில் நடக்கிற காரியம் ஒன்றுதான். யாராவது ஒருவர் குரூப் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு, "மூணாவது வரிசையில நிக்கிறானே, அவன் இப்ப எங்கடா இருக்கான்?" என்று ஆரம்பிப்பார். உடனே ஒருவர் வருகைப் பதிவேட்டு நம்பரைச் சொல்வார். இன்னொருவர் ஹாஸ்டல் ரூம் நம்பரைச் சொல்வார். மூன்றாவது ஆள், "மெஸ் பாக்கி வச்சிட்டுப் போனானே, அவன்தானே?" என்பார். பெயர் மறந்தாலும் பாக்கி மறக்காது!

இருநூறு வருஷத்துக்கு முன் வாழ்ந்த ஓர் ஆளைத் தேடுகிற வேலையும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. அந்த ஆள் படிப்பறிவில்லாத சாதாரணச் சிப்பாய், அப்புறம் கைதி என்றால் தேடுவது கஷ்டம் என்று நாம் நினைப்போம். உண்மை நேர்மாறானது. நேர்மையாக உழுது, நேர்மையாகச் செத்துப்போன ஓர் ஏழை விவசாயியைவிட, பட்டாளத்தில் சேர்ந்து தப்புத்தண்டா செய்து தண்டனை வாங்கிய ஏழையைப் பற்றித்தான் காகிதம் அதிகம் இருக்கிறது. ஏன் அப்படி, அந்தக் காகிதங்களை எப்படிப் படிப்பது, எந்த இடத்தில் அவை கையை விரிக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

மறைத்த சங்கதி பெருமையான கதை

1788 முதல் 1868 வரை, எண்பது வருஷங்களில், பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்திய கைதிகள் சுமார் 1,62,000 பேர். பெரும்பாலோர் செய்தது சில்லறைத் திருட்டு. துணி, கைக்குட்டை, ஆடு என்று பட்டியல் போகும். இவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த விஷயத்தை வெளியில் மூச்சு விடவில்லை. தாத்தா 'சொந்தமாக' வந்து குடியேறியதாகக் கதை கட்டினார்கள். டாஸ்மேனியாத் தீவுக்கு அப்போது வான் டீமன்ஸ் லாண்ட் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே கைதிகள் ஞாபகம் வருகிறது என்பதால், அங்கே கைதிகளை அனுப்புவது 1853ல் நின்ற பிறகு, 1856ல் ஊர்ப் பெயரையே மாற்றிவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று நிலைமை தலைகீழ். குடும்பத்தில் ஒரு கைதி கிடைத்தால் கொண்டாடுகிறார்கள். ஆஸ்திரேலியக் கைதிகளின் ஆவணங்களை யுனெஸ்கோ 2007ல் 'உலக நினைவகம்' பட்டியலில் சேர்த்தது. எதை மறைக்க நாலு தலைமுறை பாடுபட்டதோ, அது இப்போது உலகச் சொத்து.

மூன்று நோட்டுப் புத்தகங்கள்

கைதியான சிப்பாயைத் தேட மூன்று வகைப் பதிவேடுகள் உண்டு. கோயில் நோட்டு, பட்டாள நோட்டு, கோர்ட் நோட்டு என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் எழுதியவர்கள் வேறு, எழுதிய காரணமும் வேறு. காரணம் தெரிந்தால்தான் எதை எங்கே தேடுவது என்பது புரியும்.

முதலில் கோயில் நோட்டு. எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் 1538ல் ஓர் உத்தரவு போட்டார். இங்கிலாந்தில் ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு பாதிரியாரின் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு ஊர்ப்பகுதியிலும், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் வாரா வாரம் பதிய வேண்டும். 1598 முதல் வருஷத்துக்கு ஒரு நகல் பிஷப்புக்கும் போக வேண்டும் என்றானது. ஊர் நோட்டைக் கரையான் தின்றிருந்தாலும் பிஷப்பின் நகல் பிழைத்திருக்கும். நம்ம ஆபீஸில் டூப்ளிகேட், டிரிப்ளிகேட் என்று அலுத்துக்கொள்கிறோமே, அதன் அருமை நானூறு வருஷம் கழித்துத்தான் தெரியும்.

இதில் மூன்று வருஷங்களை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். 1754 முதல் கல்யாணத்துக்குத் தனிப் படிவம். மாப்பிள்ளையும் பெண்ணும் கையெழுத்துப் போட வேண்டும், தெரியாவிட்டால் கீறல். 1813 முதல் ஞானஸ்நானத்துக்கு அச்சடித்த படிவம், அதில் தகப்பனின் தொழிலும் இருப்பிடமும் வரும். 1837 ஜூலை முதல் அரசாங்கமே பிறப்பு, இறப்பு, திருமணங்களைப் பதிய ஆரம்பித்தது. 1813க்கு முந்தின ஆளாக இருந்தால் பெரும்பாலும் தேதி, குழந்தை பெயர், பெற்றோர் பெயர், அவ்வளவுதான். அதிலும் அது ஞானஸ்நானத் தேதி. பிறந்த தேதி அதற்கு ஒரு வாரம் முன்னாலும் இருக்கலாம், ஒரு வருஷம் முன்னாலும் இருக்கலாம்.

இரண்டாவது பட்டாள நோட்டு. சைட்டில் வேலை பார்த்த நம் ஆட்கள் எல்லோருக்கும் மஸ்டர் ரோல் என்றால் தெரியும். இத்தனை ஆள் வந்தான், இத்தனை நாள் வேலை, இத்தனை கூலி. இந்த வார்த்தையே பட்டாளத்திலிருந்து வந்ததுதான். ஒவ்வொரு படைப்பிரிவும் ஆட்களின் பெயர், சம்பளம், ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள், ஓடிப்போன நாள், செத்த நாள் எல்லாவற்றையும் எழுதி மேலே அனுப்ப வேண்டும். இல்லாத ஆளுக்குச் சம்பளம் எழுதி மேஜர் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளக் கூடாதே! அந்தச் சந்தேகத்தின் புண்ணியத்தில்தான் ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிய சாதாரணச் சிப்பாயின் பெயர் இன்றும் இருக்கிறது. லண்டன் பக்கத்தில் க்யூ என்ற இடத்திலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'டபிள்யூ.ஓ. 12' என்ற வரிசையில் இந்த மஸ்டர் ரோல்கள் மலை மாதிரி அடுக்கப்பட்டிருக்கின்றன.

இங்கே ஒரு சிக்கல். இவை படைப்பிரிவு வாரியாகத்தான் இருக்கின்றன, ஆளின் பெயர் வாரியாக இல்லை. எந்தப் படைப்பிரிவு என்று தெரியாமல் உள்ளே நுழைவது, தெரு பெயர் தெரியாமல் சென்னையில் வீடு தேடுகிற மாதிரி. ஓய்வூதியம் வாங்கின சிப்பாய் என்றால் 'டபிள்யூ.ஓ. 97' வரிசையில் விடுவிப்புத் தாள் கிடைக்கும். பிறந்த ஊர், செய்த தொழில், உயரம், கண்ணின் நிறம், காயங்கள் எல்லாம் அதில் வரும். ஆனால் தண்டனை வாங்கி வெளியேறிய சிப்பாய்க்கு ஏது ஓய்வூதியம்? ஆகவே நம்ம ஆள் அந்த வரிசையில் பெரும்பாலும் இருக்க மாட்டார்.

மூன்றாவது கோர்ட் நோட்டு. சிப்பாய் செய்த குற்றம் பட்டாளக் குற்றம் என்றால் கோர்ட் மார்ஷல் பதிவேடு. ஊரில் திருடினால் சாதாரண நீதிமன்றப் பதிவேடு. இரண்டும் வேறு வேறு அலமாரி. தண்டனை கிடைத்துக் கப்பலேறிய பின் உள்துறையின் 'எச்.ஓ. 11' வரிசைப் பதிவேட்டில் பெயர் ஏறும். கப்பல் எது, எந்த ஊரில் எந்தத் தேதியில் தண்டனை, எத்தனை வருஷம் என்பதெல்லாம் இருக்கும். என்ன குற்றம் என்பது மட்டும் இருக்காது. அதற்குத் தனியாக நீதிமன்றக் கட்டைப் பிரிக்க வேண்டும்.

இந்த மூன்று நோட்டிலும் ஒரு ஒற்றுமை கவனித்தீர்களா? எதுவுமே அந்த மனிதனுக்காக எழுதப்பட்டதல்ல. உயரத்தை அளந்தது அவன் அழகை ரசிக்க அல்ல, ஓடிப்போனால் பிடிக்க. பட்டாளத்திலிருந்து ஓடியவனின் உடம்பில் 'டி' என்ற எழுத்தைப் பச்சை குத்தும் வழக்கம் பிரிட்டிஷ் ராணுவத்தில் 1871 வரை இருந்தது. பிடி கொடுக்காமல் நழுவுகிறவனைத்தான் அரசாங்கம் உன்னிப்பாகப் பார்த்து எழுதிவைக்கிறது.

செங்கல் கட்டுகிற சிப்பாய்

விளக்கம் போதும், ஒரு நிஜ ஆளை எடுத்துக்கொள்வோம். பெயர் வில்லியம் பக்லி. 1780ல் இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்தில் மேக்கிள்ஸ்ஃபீல்ட் பக்கத்திலுள்ள மார்ட்டன் கிராமத்தில் பிறந்தவர். தகப்பனார் சிறு விவசாயி. வளர்ந்தது தாய்வழித் தாத்தா வீட்டில். கொத்தனாரிடம் வேலை பழகப் போட்டார்கள். அது பிடிக்காமல் செஷயர் மிலிஷியாப் படையில் சேர்ந்தார். அங்கிருந்து 'கிங்ஸ் ஓன்' என்று பெயர் பெற்ற 4ஆம் காலாட்படைப் பிரிவுக்குப் போனார். 1799ல் அந்தப் படை நெதர்லாந்தில் சண்டை போட்டது. பக்லிக்குக் கையில் காயம். ஆள் உயரம் சுமார் ஆறரை அடி. கூட்டத்தில் ஒளிய முடியாத உருவம்.

1802 ஆகஸ்டில் சசெக்ஸ் மாவட்ட நீதிமன்றத்தில் இவருக்குத் தண்டனை. திருட்டுத் துணியைத் தெரிந்தே வாங்கி வைத்திருந்தார் என்று குற்றச்சாட்டு. பிற்பாடு அவர் சொன்ன கதை வேறு: முன்பின் தெரியாத ஒரு பெண், இதைக் கொண்டுபோய்த் தையல்காரியிடம் கொடு என்று கொடுத்தாள், திருட்டுத் துணி என்று எனக்குத் தெரியாது என்றார். எது உண்மை? நீதிமன்ற ஏடு ஒரு பக்கத்தின் தீர்ப்பு, பக்லியின் கதை இன்னொரு பக்கத்தின் நியாயம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமே ஒழிய, நாம் ஜட்ஜ் ஆக முடியாது.

1803 ஏப்ரலில் 'கல்கத்தா' என்ற கப்பல் சுமார் 300 ஆண் கைதிகளோடு இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியது. அக்டோபரில் இன்றைய மெல்பர்னுக்குத் தெற்கே போர்ட் பிலிப் விரிகுடாவில் சேர்ந்தது. லெப்டினன்ட் கவர்னர் டேவிட் காலின்ஸ் தலைமை. விரிகுடாவின் வாயருகே சல்லிவன் பே என்ற மணல் கரையில் கூடாரம் போட்டார்கள். கொத்தனார் வேலை தெரிந்த பக்லிக்குக் கட்டட வேலை கிடைத்தது.

நல்ல தண்ணீர் இல்லை, மண்ணும் சரியில்லை. இடத்தைக் காலி செய்ய காலின்ஸ் முடிவு செய்தார். அந்த நேரம் பார்த்து, 1803 டிசம்பர் 27 இரவு, பக்லியும் சில கைதிகளும் ஓடிவிட்டார்கள். காவலர்கள் சுட்டதில் ஒருவருக்குக் குண்டு பட்டது. மற்றவர்கள் தப்பினார்கள். இவர்கள் போக நினைத்த இடம் சிட்னி! தரை வழியே 900 கிலோமீட்டருக்கு மேல். மேப்பும் இல்லை, காம்பஸும் இல்லை. குடியேற்றத்தில் பாதிரியாராக இருந்த ராபர்ட் நாப்வுட் நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் உள்ளவர். கைதிகள் ஓடிய செய்தி அதில் இருக்கிறது.

விரிகுடாவைச் சுற்றி எதிர்க்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் கூட வந்தவர்கள் மனம் மாறித் திரும்பினார்கள். பக்லி திரும்பவில்லை. காலின்ஸ் 1804 தொடக்கத்தில் ஜனங்களை அழைத்துக்கொண்டு தெற்கே போய் ஹோபார்ட் நகரை நிறுவினார். பக்லி செத்திருப்பார் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். காகிதத்தில் ஆள் காலி.

அளக்கப்படாத 32 வருஷங்கள்

சர்வே படித்தவர்களுக்கு டிராவர்ஸ் ஞாபகம் இருக்கும். தெரிந்த ஒரு புள்ளியில் ஆரம்பித்து, ஒவ்வொரு ஸ்டேஷனாக அளந்துகொண்டு போய், தெரிந்த இன்னொரு புள்ளியில் முடிக்க வேண்டும். பக்லி விஷயத்தில் 1803 டிசம்பர் ஒரு புள்ளி. அடுத்த புள்ளி 1835 ஜூலை. நடுவில் ஒரு ஸ்டேஷன்கூடக் கிடையாது. கோயில் நோட்டு, பட்டாள நோட்டு, கோர்ட் நோட்டு எதிலும் ஒரு வரி இல்லை.

நடந்தது இதுதான். பசியில் அலைந்த பக்லி ஒரு மண் மேட்டில் நட்டிருந்த ஈட்டியை ஊன்றுகோலாக எடுத்துக்கொண்டார். அது சமீபத்தில் இறந்த முரங்குர்க் என்ற மனிதரின் புதைகுழி. சோர்ந்து கிடந்தவரை அந்தப் பகுதியின் வாதவுரங் மக்கள் பார்த்தார்கள். கையில் முரங்குர்க்கின் ஈட்டி, உடம்பு வெளுப்பு. நம்ம முரங்குர்க்தான் செத்துத் திரும்பி வந்திருக்கிறான் என்று அழைத்துக்கொண்டு போய்ச் சோறு போட்டு உறவு கொண்டாடினார்கள். அவர்களோடு மீன் பிடித்து, கிழங்கு தோண்டி, அவர்கள் பாஷை பேசி 32 வருஷம் வாழ்ந்தார் பக்லி. சொந்த பாஷையே மறந்துபோனது.

வெள்ளைக்காரன் காகிதத்தில் செத்துப்போன ஆள், எழுத்தே இல்லாத ஒரு ஜனங்களின் ஞாபகத்தில் பெயர், உறவுமுறை எல்லாவற்றோடும் உயிரோடு இருந்திருக்கிறார். வம்சாவளி தேடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பதிவேட்டில் காணவில்லை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம் அல்ல. எழுதுகிற கைகளுக்கு எட்டாத இடத்தில் இருந்தார் என்றுதான் அர்த்தம்.

கையில் இரண்டு எழுத்து

1835ல் ஜான் பேட்மன் என்பவர் டாஸ்மேனியாவிலிருந்து வந்து, அந்தப் பகுதிப் பூர்வகுடித் தலைவர்களிடம் போர்வை, கத்தி, மாவு கொடுத்துச் சுமார் 6 லட்சம் ஏக்கர் நிலத்துக்கு 'ஒப்பந்தம்' போட்டுக்கொண்டார். நியூ சவுத் வேல்ஸ் கவர்னர் ரிச்சர்ட் பர்க் அதே வருஷம் அது செல்லாது என்று அறிவித்தார், ஆனால் நில உரிமை மன்னருக்கு என்று சொல்லித்தான், பூர்வகுடிகளுக்கு என்று சொல்லவில்லை. பேட்மனின் ஆட்கள் சிலர் இன்டென்டட் ஹெட் என்ற இடத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். ஜூலை மாதம் ஒரு நாள், விலங்குத் தோலைப் போர்த்திய ஆறரை அடி மனிதர் அங்கே வந்து உட்கார்ந்தார். பேச்சு வரவில்லை. ஒரு துண்டு ரொட்டியைக் கொடுத்ததும்தான் 'பிரெட்' என்ற சொல் மெதுவாக வாயில் வந்தது. கையைக் காட்டினார். 'டபிள்யூ.பி.' என்று பச்சை குத்தியிருந்தது.

32 வருஷத்துக்குப் பிறகு அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே ஆவணம் அவர் தோல்.

யார் என்று கேட்டதற்கு அவர் முதலில் சொன்ன பதில்: நான் ஒரு சிப்பாய், கப்பல் உடைந்து கரை ஒதுங்கினேன். சிப்பாய் என்பது நிஜம், கப்பல் உடைந்தது பொய். கைதி என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டார். பின்னால் உண்மையைச் சொன்னார். குடும்பக் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகின்றன. முழுப் பொய் யாரும் சொல்வதில்லை. பாதியைச் சொல்லி மீதியை முழுங்குகிறார்கள். எந்தக் குடும்பக் கதையிலும் எது சொல்லப்பட்டது என்பதோடு, எந்த வார்த்தை விடுபட்டது என்பதையும் தேட வேண்டும்.

பூர்வகுடிகள் சிலர் அந்த வெள்ளைக்காரர்களைத் தாக்கத் திட்டமிடுவது தெரிந்துதான், எச்சரிக்க வெளியே வந்ததாக பக்லி சொன்னார். வான் டீமன்ஸ் லாண்ட் லெப்டினன்ட் கவர்னர் ஜார்ஜ் ஆர்தர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. ஆனால் நிம்மதி கிடைக்கவில்லை. வெள்ளைக்காரர்கள், இவன் அந்தப் பக்கத்து ஆள் என்றார்கள். மறுபக்கமும் முன் மாதிரி நம்பவில்லை. ஆட்டு மந்தைகள் வந்து குவிந்தன, வியாதியும் துப்பாக்கியும் கூடவே வந்தன. தன்னைச் சோறு போட்டு வளர்த்த ஜனங்கள் நிலம் இழப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை. 1837 கடைசியில் ஹோபார்ட்டுக்குக் கப்பலேறிவிட்டார்.

அந்த நாளிலிருந்து மறுபடியும் காகிதம் பேச ஆரம்பிக்கிறது. 1840ல் ஜூலியா ஈகர்ஸ் என்ற விதவையோடு கல்யாணம். பெண் கைதிகளின் சிறையில் வாயில்காப்போன் வேலை. பழைய கைதி, சிறை வாசலில் காவல்! வருஷத்துக்கு 12 பவுன் ஓய்வூதியம், அப்புறம் விக்டோரியா அரசாங்கம் கொடுத்த 40 பவுன். 1852ல் ஜான் மார்கன் என்ற பத்திரிகைக்காரர், எழுதப் படிக்கத் தெரியாத பக்லி சொல்லச் சொல்லக் கேட்டு அவர் வாழ்க்கையைப் புத்தகமாகப் போட்டார். வண்டியிலிருந்து விழுந்து அடிபட்டு, 1856 ஜனவரி 30ல் பக்லி இறந்தார். அந்த ஜனவரியில்தான் தீவின் பெயர் அதிகாரபூர்வமாக டாஸ்மேனியா ஆனது.

ஆஸ்திரேலியாவில் ஒரு காரியம் நடக்கவே நடக்காது என்றால் 'பக்லியின் வாய்ப்பு' என்பார்கள். இவர் பெயரால் வந்த வழக்கு என்று ஒரு கட்சி. மெல்பர்னில் இருந்த 'பக்லி அண்ட் நன்' என்ற ஜவுளிக்கடைப் பெயரை வைத்துச் சிலேடையாக வந்தது என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் ஆள் பலம் உண்டு.

சிப்பாயைவிடக் கைதி மேலா?

பக்லி தெரியாமல் மாட்டினாரோ, தெரிந்து மாட்டினாரோ. ஆனால் வேண்டுமென்றே கைதியான சிப்பாய்களும் உண்டு. 1826ல் சிட்னியில் 57ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஜோசப் சட்ஸ், பாட்ரிக் தாம்சன் என்ற இருவர் ஒரு கடையில் பட்டப்பகலில் துணி திருடினார்கள். மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் திட்டமே! கைதியானால் தண்டனைக் காலம் ஒருநாள் முடியும். அப்புறம் நிலம், தொழில் என்று பிழைத்துக்கொள்ளலாம். பட்டாள வாழ்க்கைக்கு அந்த மாதிரி முடிவு தெரியவில்லை.

கவர்னர் ரால்ஃப் டார்லிங் இதைச் சும்மா விடவில்லை. நீதிமன்றத் தண்டனையை மாற்றி, படைவீரர்கள் எல்லோர் முன்னிலையிலும் இருவர் கழுத்திலும் முள் வைத்த இரும்பு வளையம், காலில் சங்கிலி மாட்டி, முரசடித்து வெளியேற்றச் செய்தார். ஏற்கெனவே உடம்பு சரியில்லாமல் இருந்த சட்ஸ் ஐந்தே நாளில் இறந்துபோனார். சிட்னிப் பத்திரிகைகள் கொதித்தன. விவகாரம் லண்டன் பார்லிமென்ட் வரை போனது. 1835ல் ஒரு கமிட்டி விசாரித்து டார்லிங் மேல் தவறில்லை என்றது.

இதில் நமக்கு ஒரு தொடர்பு உண்டு. அந்த 57ஆம் படைப்பிரிவு சிட்னியிலிருந்து நேரே வந்து இறங்கியது 1830களில் சென்னை மாகாணத்தில்தான். சட்ஸோடு அணிவகுப்பில் நின்ற சிப்பாய்களின் சந்ததி யாராவது இன்று தேடினால், மஸ்டர் ரோலின் அடுத்த பக்கங்களில் நம்ம ஊர் முகாம்கள் வரும். பிரிட்டிஷ் சிப்பாய்களின் குழந்தைகளுக்கு இங்கே நடந்த ஞானஸ்நானமும் அடக்கமும் மாகாண வாரியாக நகலெடுக்கப்பட்டு லண்டன் போயின. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் சென்னைக்கு 'என் 2' வரிசை. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தின் பதிவேடு 1680லிருந்து ஆரம்பிக்கிறது.

தேடுகிறவர்களுக்கு நாலு வார்த்தை

இன்று பாதி ஆவணங்கள் கம்ப்யூட்டரில் வந்துவிட்டன. பெயரைத் தட்டினால் ஐம்பது வில்லியம் பக்லி வந்து நிற்பார்கள். அங்கேதான் ஆபத்து. சில விதிகளைப் பிடித்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

ஒன்று, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும். அப்பா, தாத்தா என்று பின்னோக்கி ஒவ்வொரு படியாக. நேரே 1780க்குத் தாவினால் யாரோ ஒருவரின் பாட்டனைத் தத்தெடுத்துக்கொள்வோம்.

இரண்டு, பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. வயது, ஊர், தொழில், உயரம், தழும்பு இவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும். சர்வேயில் ஒரே ரீடிங்கை நம்பி யாராவது அஸ்திவாரம் தோண்டுவோமா?

மூன்று, எழுத்துக்கூட்டலை நம்பக் கூடாது. எழுதத் தெரியாதவன் சொன்ன பெயரைக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே ஆள் மூன்று பதிவேட்டில் மூன்று விதமாக இருப்பார்.

நான்கு, வயதையும் நம்பக் கூடாது. பட்டாளத்தில் சேர வயதைக் கூட்டிச் சொன்னவர்கள், கல்யாணத்தில் குறைத்துச் சொன்னவர்கள் ஏராளம். இது ஒன்றும் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு அல்ல. நம்ம எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருக்கும் பிறந்த தேதிகளைக் கேட்டுப் பாருங்கள்!

ஐந்து, ஒவ்வொரு காகிதத்தையும் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி: இதை யார், எதற்காக எழுதினார்கள்? சம்பளத்துக்காக எழுதியதில் சம்பள விஷயம் துல்லியமாக இருக்கும், மற்றவை சுமாராக இருக்கும்.

நம் பக்கத்துப் பெயர்கள்

இதெல்லாம் வெள்ளைக்காரன் வம்சத்துக்குத்தானே, நமக்கென்ன என்று கேட்கலாம். அதே அரசாங்கம் நம்மவர்களையும் அதே முறையில்தான் எழுதி வைத்தது. 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம், 342 பேர். 1911 வரை நேட்டாலுக்கு இப்படிப் போன இந்தியர்கள் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னையிலிருந்து கப்பலேறியவர்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் ஆளின் நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள மச்சம், தழும்பு எல்லாம் இருக்கின்றன. அந்தக் கூலிகள் குற்றம் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் கைதிக்கு எழுதிய மாதிரியேதான் எழுதினார்கள். ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே!

இன்று டர்பனில் இருக்கிற ஒரு கொள்ளுப்பேரன், அந்தத் தழும்புக் குறிப்பையும் தாலுகா பெயரையும் வைத்துக்கொண்டுதான் வட ஆற்காடு ஜில்லாவில் ஊரைத் தேடி வருகிறார். கிராமத்தின் பெயரைக் குமாஸ்தா இங்கிலீஷில் சிதைத்திருப்பார். எந்த ஊர் என்று கண்டுபிடித்துச் சொல்ல இங்கே தமிழ் தெரிந்த ஆள் வேண்டும். தாலுகா ஆபீஸ், பி.டபிள்யூ.டி., ரெவின்யூ சர்வே என்று ஊர் ஊராகச் சுற்றுகிற நம் கல்லூரி ஆட்களைவிட அதற்குப் பொருத்தமானவர்கள் யார்? அப்படி யாராவது ஒரு தாளோடு வந்து நின்றால் "நமக்கெதுக்கு வம்பு" என்று அனுப்பிவிடாதீர்கள். ஒரு பத்து நிமிஷம் மேப்பைப் பிரித்துப் பாருங்கள்.

பக்லியைக் காப்பாற்றிய வாதவுரங் மக்களின் சந்ததியார் இன்றும் ஜீலாங், பல்லாராட் பக்கத்தில் இருக்கிறார்கள். பேச்சு வழக்கில் ஏறக்குறைய மறைந்துபோன தங்கள் மொழியைச் சொல் சொல்லாக மீட்டெடுத்து வருகிறார்கள். அவர்களுடைய முன்னோர்களின் அன்றாட வாழ்க்கையை நேரில் பார்த்து, கூட வாழ்ந்து சொன்ன சாட்சியங்கள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கைதி கிழவயதில் ஹோபார்ட்டில் உட்கார்ந்து சொன்னது. அரசாங்கம் அவரைப் பற்றி எழுதிவைத்ததைவிட, அவர் ஞாபகம் வைத்துச் சொன்னதற்கு இன்று மதிப்பு அதிகம்.

உங்கள் வீட்டில் எண்பது வயதுக்காரர் யாராவது இருந்தால், இந்த மலரை மூடி வைத்துவிட்டு அவரிடம் போய், அவருடைய தாத்தாவின் பெயரையும் ஊரையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதி போட்டு எழுதுங்கள்.